‘கன்சல்டன்ட்’னு ஆஃபர் லெட்டர் வந்திருக்கா? 10% டி.டி.எஸ்.ஸுக்குப் பின்னால இருக்கிற கணக்கு

இன்னைக்குப் பார்க்கப் போற விஷயம் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் துறையில இருக்கிறவங்களுக்கு நேரடியா பொருந்தும். ஆனா ஐ.டி., மருத்துவமனை, மீடியா, கல்லூரின்னு எங்க வேலை பார்த்தாலும், ‘எம்ப்ளாயி’ங்கிற வார்த்தைக்குப் பதிலா ‘கன்சல்டன்ட்’, ‘ரீட்டெய்னர்’, ‘அசோசியேட்’னு போட்ட லெட்டர் கைக்கு வந்தா இதைப் படிச்சிட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க. கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரிமுறைப்படி.

உங்ககிட்ட ரெண்டு ஆஃபர் இருக்குன்னு வச்சுக்குவோம். நீங்க ஆட்டோமொபைல் டிப்ளமோ முடிச்சவர், சென்னையில வண்டி க்ளெய்ம் பார்க்கிற வேலை. முதல் ஆஃபர் சம்பள வேலை, சி.டி.சி. மாசம் 50,000. ரெண்டாவது ஆஃபர் ‘கன்சல்டன்ட்’, மாசம் 55,000, அதுல 10% டி.டி.எஸ். போக மீதி 49,500 கைக்கு. முதல் ஆஃபர்ல பி.எஃப். எல்லாம் போக கைக்கு வர்றது 42,800தான். ரெண்டாவதுல 6,700 ரூபாய் அதிகமா தெரியுது. நிறைய பேர் இந்த இடத்துலயே முடிவு பண்ணிடறாங்க.

அந்த 6,700 உண்மையா இல்லையான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, இந்த ரெண்டு லெட்டருக்கும் சட்டத்துல என்ன வித்தியாசம்னு தெரிஞ்சுக்கணும்.

192-ஆ, 194ஜே-வா?

சம்பளம்னா வருமான வரிச் சட்டத்தோட 192-வது பிரிவு. உங்க வருஷ வருமானத்தை மொத்தமா கணக்குப் போட்டு, ஸ்லாப்படி எவ்வளவு வரி வருமோ அதை மாசா மாசம் பிரிச்சுப் பிடிப்பாங்க. வரியே வராதுன்னா ஒரு ரூபாய்கூட பிடிக்க மாட்டாங்க. சம்பளக்காரர்னா 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் உண்டு.

தொழில்முறை ஃபீஸ்னா 194ஜே. இதுல உங்க மொத்த வருமானம் எவ்வளவு, உங்களுக்கு வரி வருமா வராதா எதையும் பார்க்க மாட்டாங்க. ஒரே நிறுவனம் வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா 10% பிடிச்சே ஆகணும். (2025 மார்ச் வரைக்கும் இந்த வரம்பு 30,000.) வெறும் டெக்னிக்கல் சர்வீஸ்னா 2%. பான் கொடுக்கலைன்னாலோ, ஆதார் இணைக்காம பான் செயலிழந்து போயிருந்தாலோ 20%.

இன்ஷூரன்ஸ் துறைல ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 194டி-ன்னு ஒரு பிரிவு இருக்கு, அது பாலிசி பிடிச்சுக் கொடுக்கிற ஏஜென்ட்டோட கமிஷனுக்கு. சேதத்தை மதிப்பிடுற சர்வேயருக்கு அது பொருந்தாது. சர்வேயர் ஃபீஸுக்குப் பொதுவா 194ஜே-ல 10% பிடிக்கிறாங்க.

இன்னொண்ணு. 2026 ஏப்ரல் 1-லேர்ந்து புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருது. அதுல சம்பள டி.டி.எஸ். 392-வது பிரிவு, மத்த டி.டி.எஸ். எல்லாம் 393-க்குள்ள போயிடுது. நம்பர் மாறும், சம்பளம் வேற, ஃபீஸ் வேறங்கிற பிரிவினை மாறாது. ஊர்ல எல்லாரும் இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு ‘194ஜே’ன்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க, அதனால நானும் அப்படியே எழுதுறேன்.

உண்மையான சுதந்திர சர்வேயர் யாரு?

இன்ஷூரன்ஸ் சட்டம், 1938-ல 64யூஎம்-னு ஒரு பிரிவு. ஒரு அளவுக்கு மேல போற பொதுக் காப்பீட்டு க்ளெய்ம்களை, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. லைசென்ஸ் வாங்கின சர்வேயர் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கணும்னு சொல்லுது. சர்வேயருக்கு ஃபீஸ் கொடுக்கிறது இன்ஷூரன்ஸ் கம்பெனிதான், ஆனா அவர் ரிப்போர்ட் கம்பெனிக்கும் சாயக் கூடாது, பாலிசிதாரருக்கும் சாயக் கூடாது. அதனால அவர் சுதந்திரமா இருக்கிறது வரி சமாச்சாரம் மட்டும் இல்லை, அந்த வேலையோட அடிப்படையே அதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னை ஒர்க்‌ஷாப்கள்ல தண்ணி புகுந்த கார்கள் வரிசையா நின்னது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல ஒரு தனி சர்வேயர் மூணு நாலு கம்பெனியோட கேஸ்களை ஒரே நாள்ல பார்ப்பார். எந்த ஒர்க்‌ஷாப்புக்கு முதல்ல போறதுன்னு அவரே முடிவு பண்ணுவார். வண்டி அவரோடது, கேமரா, லேப்டாப் அவரோடது, ரிப்போர்ட்டுல கையெழுத்தும் பொறுப்பும் அவரோடது. ஒரு சர்வேக்கு இவ்வளவுன்னு பில் போடுவார். மழை இல்லாத மாசத்துல கேஸ் குறைஞ்சா வருமானமும் குறையும். இவருக்கு 194ஜே ரொம்பச் சரி.

இப்ப இன்னொருத்தரைப் பாருங்க. காலை 9.30-க்கு பயோமெட்ரிக். கழுத்துல கம்பெனி ஐ.டி. கார்டு. ஒரே கம்பெனிக்கு மட்டும்தான் வேலை, வெளில எடுக்கக் கூடாதுன்னு லெட்டர்லயே இருக்கு. லீவுக்கு மேனேஜர்கிட்ட அனுமதி. ஒரு நாளைக்கு இத்தனை க்ளெய்ம் முடிக்கணும்னு டார்கெட். மாசம் பிறந்தா ஒரே தொகை. இவர் பேரும் ‘கன்சல்டன்ட்’, இவருக்கும் 194ஜே. இவருக்கும் பக்கத்து சீட்ல இருக்கிற பெர்மனென்ட் ஊழியருக்கும் வேலைல என்ன வித்தியாசம்னு கேட்டா, பதில் சொல்றது கஷ்டம்.

கோர்ட்டுகள் இதை எப்படிப் பார்க்குதுன்னா, லெட்டர்ல போட்ட பேரை மட்டும் பார்க்கிறது இல்லை. 1957-லயே தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்குல, உப்பளத்துல உற்பத்தி அளவுக்கு ஏத்த மாதிரி கூலி வாங்கினவங்களை, வேலை மேல நிறுவனத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைப் பார்த்து தொழிலாளர்கள்தான்னு உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. என்ன வேலைங்கிறதோட, அதை எப்படிச் செய்யணும்னும் சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்குங்கிறதுதான் அங்க கேள்வி. அதுக்கப்புறம் வந்த தீர்ப்புகள்ல கருவி யாரோடது, லாப நஷ்டம் யாருக்கு, அந்த ஆள் நிறுவனத்தோட அங்கமாவே இருக்காரா, வேற இடத்துல வேலை செய்ய முடியுமான்னு பல அம்சங்களைச் சேர்த்து எடை போடறாங்க.

2020-ல சுசீலாபென் இந்திரவதன் காந்தி எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கு இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு மருத்துவமனையோட மினி பஸ்ல போன டாக்டர் விபத்துல இறந்துட்டார். அவர் மருத்துவமனையோட ஊழியரா, சுதந்திர டாக்டரா? ஊழியர்னா இன்ஷூரன்ஸ் கம்பெனியோட பொறுப்பு சுருங்கிடும், அதனால கம்பெனி ‘ஊழியர்’னு வாதாடிச்சு. உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தை வரி வரியா அலசி, இது சேவைக்கான ஒப்பந்தம், அவர் ஊழியர் இல்லைன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அந்தக் குடும்பத்துக்கு ‘ஊழியர் இல்லை’ங்கிறதுதான் நல்லதா முடிஞ்சது. ஒரே முத்திரை ஒரு இடத்துல காப்பாத்தும், இன்னொரு இடத்துல கவுத்துவிடும்.

வரி பக்கத்துலயும் இதே சண்டை உண்டு. கன்சல்டன்ட் டாக்டர்களுக்கு 194ஜே-ல பிடிச்ச மருத்துவமனைகள்கிட்ட, இவங்க ஊழியர்கள், 192-லதான் பிடிச்சிருக்கணும்னு வருமான வரித்துறை பல தடவை வாதாடியிருக்கு. புனேயில இருக்கிற கிராண்ட் மெடிக்கல் ஃபவுண்டேஷன் வழக்குல (2015) மும்பை உயர் நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் நின்னுச்சு. ஆக, டி.டி.எஸ். பிரிவு ஒரு சாட்சி மாதிரி. அது மட்டுமே தீர்ப்பு இல்லை.

அமெரிக்காவுல இருக்கிற நண்பர்கள் ‘டபிள்யூ-2’, ‘1099’னு பேசறதைக் கேட்டிருப்பீங்க, அதுவும் இதே கதைதான். அங்க சூறாவளி வந்தா ஊர் ஊரா போற ‘இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர்’களை 1099-ல எடுத்தா வரியே பிடிக்காம முழுப் பணமும் கொடுத்துடுவாங்க. வருமான வரி போக 15.3% சுயதொழில் வரியையும் அவங்களே கட்டணும். ஊழியரா இருந்தா அதுல பாதி, 7.65%தான் அவங்க பங்கு. சந்தேகம் இருந்தா எஸ்எஸ்-8-ங்கிற படிவம் கொடுத்து ‘நான் ஊழியரா இல்லையா’ன்னு வரித்துறையையே கேட்கலாம். நம்ம ஊர் வருமான வரில அந்த மாதிரி ஒரு ஊழியர் கேட்டுத் தெரிஞ்சுக்கிற படிவம் கிடையாது. நாமதான் லெட்டரைப் படிக்கணும்.

இப்ப அந்த 6,700-க்கு வருவோம்

ரெண்டாவது ஆஃபர்ல வருஷத்துக்கு 6,60,000 வரவு, டி.டி.எஸ். 66,000. இந்த 66,000 ‘வரி’ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கிடையாது, அது முன்பணம் மாதிரி. புதிய வரிமுறையில 12 லட்சம் வரைக்கும் 87ஏ தள்ளுபடி இருக்கிறதால, வேற வருமானம் இல்லைன்னா உங்க வரி பூஜ்யம். ரிட்டர்ன் போட்டா முழு 66,000-மும் திரும்ப வரும். போடாம விட்டா அரசாங்கத்துக்கு நன்கொடை. ‘அதான் டி.டி.எஸ். பிடிச்சாச்சே, ரிட்டர்ன் எதுக்கு’ன்னு சொல்றவங்க நம்ம ஊர்ல நிறைய இருக்காங்க, அவங்ககிட்ட இந்தப் பாராவைக் காட்டுங்க.

அப்போ ரெண்டாவது ஆஃபர் 49,500 இல்லை, 55,000. இன்னும் நல்லதாச்சேன்னு தோணும். பொறுங்க.

பெட்ரோல், போன், வண்டி சர்வீஸ் எல்லாம் உங்க கைக்காசு. மாசம் 6,000-ன்னு வைங்க. சம்பள வேலைல இதை கன்வேயன்ஸ்ல க்ளெய்ம் பண்ணியிருப்பீங்க. குரூப் மெடிக்கல் பாலிசி கிடையாது, நீங்களே எடுக்கணும், மாசக் கணக்குல 1,000. லீவு எடுத்தா காசு இல்லை. வருஷத்துல 15 நாள் காய்ச்சல், கல்யாணம், பொங்கல்னு போச்சுன்னா, 26 வேலை நாள் கணக்குல ஒரு நாளைக்கு 2,115 ரூபாய். மொத்தம் கிட்டத்தட்ட 31,700, மாசத்துக்கு 2,640. எல்லாத்தையும் கழிச்சா 55,000-ல நிக்கிறது 45,360.

சம்பள ஆஃபர்ல கைக்கு வர்ற 42,800-ஓட, உங்க பி.எஃப். 3,000, கம்பெனி பி.எஃப். 3,000, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கற 1,200 சேர்த்தா 50,000. கிராஜுவிட்டி பொதுவா அஞ்சு வருஷம் இருந்தாதான் கிடைக்கும், நான் அதுக்குள்ள மாறிடுவேன்னு சொல்றீங்களா? சரி, அதை விட்டுடுங்க, அப்பவும் 48,800. வருஷம் 5,49,600 சம்பளத்துக்கு இங்கயும் வரி பூஜ்யம்தான்.

மாசம் 6,700 அதிகம்னு தெரிஞ்ச ஆஃபர், மூவாயிரத்துக்கு மேல குறைவுன்னு ஆயிடுச்சு. இந்த உதாரணத்துல ரெண்டும் சமமாகணும்னாலே கன்சல்டன்ட் ஆஃபர் 60,000-ஐத் தொடணும். வேலை நிரந்தரம் இல்லைங்கிறதுக்கும் சேர்த்து நான் 65,000-க்குக் கீழ பேச மாட்டேன்.

பணத்துல அடங்காத ஒரு வரி இருக்கு. பி.எஃப். உறுப்பினரா இருந்தா இ.டி.எல்.ஐ.-ங்கிற திட்டத்துல, பணியில இருக்கும்போது இறந்தா குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும். அதுக்கு உங்ககிட்டேர்ந்து பைசா பிடிக்கிறது இல்லை. வேலை நேரத்துல விபத்து நடந்தா ஊழியருக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கு. பைக்ல ஜி.எஸ்.டி. ரோட்டுல விபத்து நடந்த இடத்தைத் தேடிப் போற வேலைல இருக்கிறவங்க இதை லேசா எடுத்துக்காதீங்க. கன்சல்டன்ட்டா போறதா இருந்தா, மாசச் சேமிப்பைத் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு டெர்ம் பாலிசியும் தனிநபர் விபத்துப் பாலிசியும் எடுத்துடுங்க.

சம்பளமும் ஃபீஸும் சேர்ந்து வந்தா

என்னைக் கேட்டா, முழுநேர கன்சல்டன்ட்டை விட அதிகமா மாட்டிக்கிறது இவங்கதான். சம்பள வேலையும் இருக்கு, வார இறுதியில வெளில கொஞ்சம் வேலை பார்த்து ஃபீஸும் வாங்கறாங்க.

உங்க சம்பளம் வருஷத்துக்கு 12,75,000. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக சரியா 12 லட்சம், வரி பூஜ்யம். கம்பெனி ஒரு ரூபாய்கூட பிடிக்கலை. வெளில 1,50,000 ரூபாய்க்கு ஒரு வேலை செஞ்சு கொடுத்தீங்க, அவங்க 10%, அதாவது 15,000 பிடிச்சிட்டு 1,35,000 கொடுத்தாங்க. செலவு எதுவும் இல்லைன்னு வச்சுக்குவோம்.

இப்ப மொத்த வருமானம் 13,50,000. தள்ளுபடி போயிடுச்சு. நாலு லட்சத்துக்கு மேல எட்டு வரைக்கும் 5%, அது 20,000. பன்னிரண்டு வரைக்கும் 10%, அது 40,000. மீதி ஒண்ணரை லட்சத்துக்கு 15%, அது 22,500. கூட்டினா 82,500, செஸ் 4% சேர்த்து 85,800. 15,000 ஏற்கெனவே பிடிச்சாச்சு. மீதி 70,800 நீங்க கட்டணும்.

ஒண்ணரை லட்சம் சம்பாதிக்க 85,800 வரி! 12 லட்சத்துக்கு லேசா மேல போறவங்களுக்கு மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கு, ஆனா இவ்வளவு தூரம் தாண்டினா அது உதவாது.

இதோட முடியலை. டி.டி.எஸ். போக 10,000 ரூபாய்க்கு மேல வரி வரும்னா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும்: ஜூன் 15-க்குள்ள 15%, செப்டம்பர் 15-க்குள்ள 45%, டிசம்பர் 15-க்குள்ள 75%, மார்ச் 15-க்குள்ள முழுசும். கட்டாம ஜூலையில ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கலாம்னு விட்டா, 234பி-படி மாசம் 1% வட்டி, ஏப்ரல்லேர்ந்து நாலு மாசத்துக்கு 2,832 ரூபாய். தவணை தவறினதுக்கு 234சி வட்டி தனி.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. வெளி வருமானத்தை உங்க கம்பெனி பேரோல்ல சொல்லி, சம்பளத்துலயே கூடுதலா டி.டி.எஸ். பிடிக்கச் சொல்லலாம், சட்டத்துல இடம் இருக்கு. வெளி வேலையே கம்பெனிக்குத் தெரியாதுன்னா அந்த வழி அடைபட்டுப் போச்சு, அட்வான்ஸ் டாக்ஸ் மட்டும்தான். (அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளி வேலைக்கு அனுமதி இருக்கான்னு பார்த்தீங்கல்ல?)

ரிட்டர்ன்ல என்ன மாறும்?

தொழில்முறை ஃபீஸ் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. ஐ.டி.ஆர்.-3, இல்லைன்னா 44ஏடிஏ எடுத்தா ஐ.டி.ஆர்.-4. இந்த 44ஏடிஏ-ல வரவுல பாதியை லாபம்னு காட்டிட்டு, கணக்குப் புத்தகம் வச்சுக்காம முடிச்சிடலாம், அட்வான்ஸ் டாக்ஸும் மார்ச் 15-ல ஒரே தவணை. ஆனா எல்லாருக்கும் கிடையாது. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், டெக்னிக்கல் கன்சல்டன்சி, இன்டீரியர், ஐ.டி. மாதிரி ஒரு பட்டியல்ல இருக்கிற தொழிலுக்குத்தான். இன்ஷூரன்ஸ் சர்வேயர்னு தனியா அதுல பேர் இல்லை. பொறியியல் பின்னணில சர்வே பண்றவங்க ‘டெக்னிக்கல் கன்சல்டன்சி’க்குள்ள வர்றோமான்னு ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, யூடியூப் பார்த்து எடுக்காதீங்க. நம்ம சேனலையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பழைய வரிமுறை, புதிய வரிமுறைன்னு சம்பளக்காரங்க வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்த வசதி போயிடும். 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழசுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா, அப்புறம் மறுபடி பழசுக்குப் போக முடியாது, தொழில் வருமானம் நிக்கிற வரைக்கும். வீட்டுக் கடன் வட்டி, 80சி-ன்னு பழைய முறையில இருக்கிறவங்க கவனிங்க. மத்தபடி ஜி.எஸ்.டி. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாதான்.

வீட்டுக் கடன்னு சொன்னதும் ஞாபகம் வருது: பேங்க்ல சம்பளக்காரர்கிட்ட மூணு மாச பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16-ம் கேட்பாங்க. ஃபார்ம் 16ஏ வச்சிருக்கிறவர்கிட்ட பொதுவா ரெண்டு மூணு வருஷ ரிட்டர்ன் கேட்பாங்க. அடுத்த வருஷம் வீடு வாங்கற ஐடியா இருந்தா, இந்த வருஷம் கன்சல்டன்ட்டா மாறறது நல்ல நேரம் இல்லை.

ஏற்கெனவே வேலையில இருக்கீங்களா?

இன்னைக்கே வருமான வரி தளத்துல லாகின் பண்ணி 26ஏஎஸ் எடுத்துப் பாருங்க. உங்க கம்பெனி பேருக்கு நேரா 192-ன்னு இருந்தா ஊழியர். 194ஜேபி-ன்னு இருந்தா 10% தொழில்முறை ஃபீஸ், 194ஜேஏ-ன்னா 2% டெக்னிக்கல். ‘நான் எம்ப்ளாயிதான்’னு நினைச்சுக்கிட்டு இருந்து, இதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிஞ்சவங்களும் உண்டு.

வேலை முழுக்க ஊழியர் மாதிரி இருக்கு, ஆவணத்துல மட்டும் கன்சல்டன்ட்னா, முதல்ல எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேளுங்க, வாய்ல கேட்காதீங்க. அட்டெண்டன்ஸ் பதிவு, லீவு அனுமதி மெயில், ஐ.டி. கார்டு, டார்கெட் மெயில் இதெல்லாம் ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும். பிரிவைத் தப்பாப் போட்டு வரியைக் குறைவாப் பிடிச்சா வருமான வரித்துறை முதல்ல பிடிக்கிறது கம்பெனியை. ஆனா பி.எஃப். போகாததால நஷ்டம் உங்களுக்கு. அதுக்கு இ.பி.எஃப்.ஓ.-வோட ஆன்லைன் புகார் தளம் இருக்கு. அங்க புகார் போனா கம்பெனிக்கும் உங்களுக்கும் உறவு பழைய மாதிரி இருக்காது, அதையும் யோசிச்சுட்டு, அடுத்த வேலை கையில இருக்கும்போது செய்றது புத்திசாலித்தனம்.

புதுசா லெட்டர் வாங்கப் போறவங்க பேசும்போது கேட்க வேண்டியது இதுதான்: எந்தப் பிரிவுல டி.டி.எஸ்., வேற கம்பெனிக்கு வேலை செய்யலாமா, பெட்ரோல் யாரோடது, லீவுக்குக் காசு உண்டா, நோட்டீஸ் பீரியட் ரெண்டு பக்கமும் ஒண்ணா. ‘வெளில வேலை எடுக்கக் கூடாது, ஆனா பி.எஃப். கிடையாது’ன்னு பதில் வந்தா, ஊழியரோட கட்டுப்பாடு எல்லாம் உங்களுக்கு, ஊழியரோட பலன் எதுவும் கிடையாதுன்னு அர்த்தம். அந்த இடத்துல 65,000-ங்கிற நம்பரை மறுபடி கணக்குப் போட்டுட்டுப் பேசுங்க.